அப்பாவின் கிரிக்கெட்டை நான் நம்பவில்லை

பருத்தித்துறையில் பிறந்து ஜெர்மனியின் ஹனோவரில் கண்மூடிய எங்கள் அன்பு அப்பா எம்மைப் பிரிந்து ஓராண்டாகிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று உங்கள் கைகளுக்கு வந்த நினைவு மலரில் அப்பாவின் லண்டன் படிப்பும், ஊரில் கணித ஆசிரியராக இருந்ததும், அகதியாக வந்தபின் உணவகமொன்றில் கோப்பை கழுவி எங்களைப் படிப்பித்ததும் இருந்தன. ஒரு வரி மட்டும் இல்லை. "இளவயதில் இங்கிலாந்தில் கவுண்டி அணிக்காகக் கிரிக்கெட் ஆடியவர்" என்று அண்ணா எழுதியிருந்ததை, அச்சுக்குப் போகுமுன் வெட்டியவள் நான்.

காப்புறுதி நிறுவனமொன்றில் பொய்யான இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பிடிப்பது என் தொழில். வீட்டிலும் அந்தக் குணம் விடாது. கவுண்டி என்றால் அங்கே மாவட்டம்; அப்படி ஒன்றின் இரண்டாம் அணியில் சில ஆட்டங்கள் ஆடியதாக அப்பா சொல்வார். படம் இல்லை, ஊர் வீட்டோடு எரிந்துவிட்டதாம். எரிந்துவிட்டது என்று சொல்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். வலது கையால் எழுதும் மனிதர், துடுப்பு மட்டையெடுத்தால் இடது கை ஆட்டக்காரராம். இங்குள்ள தமிழ்ப் பெடியள் கிரிக்கெட் பயிற்சி தரக் கூப்பிட்டபோது, "எனக்கு ஏலாது தம்பி" என்று நழுவிவிட்டார். சந்தேகப்பட இது போதாதா? கடைசியில் மருத்துவமனையில் வைத்தும் கேட்டேன்.

"நம்பாட்டி விடு பிள்ளை" என்று மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மலர் வெளிவந்த பின்னும் அந்த வரியைக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணாவின் வாயை அடைக்கவென்றே அந்தக் கவுண்டிக் கழகத்துக்கு எழுதினேன். அப்படி ஒருவரும் ஆடவில்லை என்று பதில் வந்தது. ஊரில் இருக்கும் அப்பாவின் தங்கையான அத்தைக்கு, தொலைபேசியில் அதை வெற்றிக் களிப்போடு வாசித்துக் காட்டினேன்.

"என்ன பேர் குடுத்தனி?"

எங்கள் குடும்பப் பெயரைச் சொன்னேன்.

"ஐயோ, அது எங்கடை ஐயான்ரை பேரெல்லோ! அண்ணை விளையாடினது தன்ரை பேரிலை."

உண்மைதான். இங்கே அகதி விண்ணப்பம் நிரப்பிய நாளில்தான், அதுவரை முதலெழுத்தாக மட்டும் இருந்த அப்பப்பாவின் பெயர் எங்களுக்குக் குடும்பப் பெயராயிற்று. ஜெர்மன்காரி போல அதைக் கொடுத்துத் தேடியிருக்கிறேன்.

திரும்ப எழுதினேன். இம்முறை பழைய ஸ்கோர் அட்டைகளின் பிரதிகள் வந்தன. அப்பா இரண்டு கோடைகாலம் ஆடியிருக்கிறார். ஆனால் இரண்டாம் அணியில் அல்ல, முதலாம் அணியில்.

எனக்கு மறுபடியும் சந்தேகம். பெருமையைக் குறைத்துச் சொல்லும் மனிதர் உண்டா? அத்தையிடமே கேட்டேன்.

"முழுக்கச் சொன்னா ஆர் பிள்ளை நம்புறது எண்டுதான் அரைவாசியைச் சொன்னவர். அதையும் நீ நம்பேல்லை."

அப்பாவை இறுதிவரை பராமரித்த தாதியருக்கும், கிரியைகளில் துணைநின்ற உறவுகளுக்கும், பழைய பெட்டிகளைத் துழாவிய கழகத்தாருக்கும், என்னோடு விடாமல் சண்டை பிடித்த அண்ணாவுக்கும் நன்றி. அந்த அட்டைகளை இந்த ஓராண்டு நினைவு மலரின் அடுத்த பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். நம்பாதவர்கள் பார்க்கலாம். எங்கள் வீட்டில் நம்பாதவள் நான் ஒருத்திதான். அப்பா, என்னை மன்னியுங்கோ.