அப்பாவின் பக்கம் ஆளில்லை

ஒஸ்லோவில் பார்மசி படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு யப்பான் வரலாறு படிக்கப் போனவள் எங்கள் சொந்தத்தில் நான் ஒருத்திதான். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. "யப்பானிலை ஆர் எங்களுக்கு இருக்கினம்?" என்று கேட்டார் அப்பா. அம்மா வழக்கம்போல அவர் கட்சி. முதல் வாய்மொழிப் பரீட்சையில் தேறினால் தொடரலாம், தவறினால் பேசாமல் பார்மசிக்குத் திரும்ப வேண்டும் என்று முடிவானது.

பரீட்சைக்கு வந்த பகுதியோ தலையைச் சுற்ற வைத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டு. அரியணையிலிருந்து விலகிய அண்ணன் ஒரு பக்கம், ஆளும் தம்பி மறுபக்கம். அவர்களுக்காக வாளெடுத்த குலங்களும் நடுவே பிளந்துவிட்டன. ஒரே வீட்டில் தகப்பன் அண்ணன் அரசரோடு, மூத்த மகன் தம்பி அரசரோடு. எத்தனை முறை படித்தும் மனதில் நிற்கவில்லை. எரிச்சலில், ஒரு ஞாயிறு ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த சித்தப்பாவையும் சேர்த்து எல்லோரையும் ஹோலில் நிறுத்தினேன். சித்தப்பா பழைய அரசர். அவர் பக்கம் அப்பா. எதிரே என் அண்ணா, தகப்பனை எதிர்க்கும் மகன். புது அரசர் நான்.

"ஆர் வெல்லுறது?" என்றார் சித்தப்பா.

"நான்தான்."

"அப்ப நான் உன்ரை பக்கம்." அரியணையாகப் போட்டிருந்த கதிரையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"சித்தப்பா, அந்தப் பக்கத்து அரசரே நீங்கள்தான்!"

"அதுக்கென்ன? கொப்பர் பாத்துக்கொள்ளுவார்."

குசினி வாசலில் நின்ற அம்மா அப்பாவைக் காட்டி, "இவருக்கு என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

"மகனே தலையை வெட்டவேணும். அரசற்றை உத்தரவு."

"வாயைக் கழுவு! வீட்டுக்குள்ளை கதைக்கிற கதையே இது?" கரண்டியோடு வந்து அப்பாவை இழுத்து என் பக்கம் இருத்தினார். வரலாறு எக்கேடு கெட்டாலும் அவருக்குத் தன் மனிசன் வேண்டும். அதோடு விடவுமில்லை. "அந்தப் பெடியன் தேப்பனுக்காக மன்றாடேல்லையே? தாய் என்ன செய்தவ?" என்று அந்த வாரம் முழுக்கக் குடைந்தார். பதில் சொல்வதற்காகவே தேடித் தேடிப் படித்தேன்.

பரீட்சையில், தகப்பன் வென்ற பக்கம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பேராசிரியை புருவத்தை உயர்த்தினார். வேறு வழியில்லாமல் அம்மா செய்ததை அப்படியே சொன்னேன். பேராசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "சரி, உண்மையில் என்ன நடந்தது?" என்றார். மகன் மன்றாடியதையும் அரசர் மறுத்ததையும் சொன்னேன். யார் வென்றாலும் வீட்டில் ஒரு தலையாவது மிஞ்சட்டும் என்று நினைத்தே அந்தத் தகப்பனும் மகனும் பிரிந்திருக்கலாம் என்றேன். அம்மாவின் கேள்விகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கைகொடுத்தன.

தேறிவிட்டேன். வீட்டில் சொன்னதும் என்னைவிட அம்மாதான் துள்ளினார். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"இண்டைக்கில்லைப் பிள்ளை, நான் எப்பவோ தோத்திட்டன்," என்றார். "இரவிலை என்னை நித்திரை கொள்ள விடாமல் கொம்மா அந்த யப்பான்காரற்றை கதையைச் சொல்லத் தொடங்கினாவே, அண்டைக்கே."