வாயில்லாத கிருமிகளின் பேச்சு

விசைப்படகின் அடியில் வழவழவென்று படிந்து, படகை இழுத்துப்பிடித்து டீசலை வீணாக்குவது பாக்டீரியா. ஒவ்வொன்றும் தண்ணீரில் துளி ரசாயனத்தைக் கசியவிடும். அது அடர்த்தியானால் ஆள் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே எல்லாம் ஒன்றாகப் பசையைச் சுரக்கும். அதுவரை ஒன்றும் வேலையைத் தொடங்காது.

இதை விளக்கத்தான் ஆய்வகத்திலிருந்த என்னைத் தூத்துக்குடிப் படகு முதலாளிகள் பத்து மணிக்குத் தங்கள் சங்க மண்டபத்துக்கு அழைத்திருந்தார்கள். பதினொன்றரைக்கும் மண்டபத்தில் நான் மட்டும். சங்கத் தலைவருக்குப் போன் போட்டேன்.

"எத்தன பேரு வந்திருக்காவ, சார்?"

"நான் மட்டும்தான், அண்ணாச்சி."

"அப்ப ஆளு சேரட்டும், வாரேன்."

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். தலைவர் உட்பட எல்லாரும் எதிர் டீக்கடையில்தான் நின்றார்கள், உள்ளே எத்தனை பேர் என்று ஆளுக்கொரு போனில் விசாரித்தபடி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பின்பக்கம் சமையல்காரர் பிரியாணி தம்மை உடைத்தார். வாசனை தெருவைத் தாண்டியதுதான் தாமதம், ஐந்து நிமிடத்தில் நாற்காலி போதவில்லை. சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறோம் என்றார்கள்.

விளக்கி முடித்ததும், கையில் எலும்போடு தலைவர் சந்தேகம் கேட்டார்: "வாயில்லாத கிருமி எப்பிடி சார் பேசும்?"

பிரியாணி உங்களை எந்த வாயால் கூப்பிட்டது என்று நாக்கு நுனிவரை வந்தது. என் இலை இன்னும் காலியாக இருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.