படத்துக்குள் மேலே ஏறிய கரண்டிவாயன்

அன்று காலை அந்த வீட்டில் இருந்தது மூன்றே பேர். மாடியின் பின்பக்க அறையில், ஜன்னலை ஒட்டிக் கேமராவோடு டாக்டரம்மா. அதே அறையின் நிலைப்படியில் நான். நேர் கீழே சமையல்கட்டில் என் வீட்டுக்காரி. வீட்டுக்குச் சொந்தக்காரர் சென்னையில் இருந்தார். நான் மாடியைத் திறந்துவிட்டது அவருக்குத் தெரியாது. பின்னால் யாராவது கேட்டால் பிசகாமல் சொல்ல வேண்டுமே என்று, யார் யார் எங்கெங்கே நின்றோம் என்பதை அப்போதே மனதில் குறித்து வைத்துக்கொண்டேன். என் சுபாவம் அப்படி. ஒன்றும் நடக்காதபோதே போலீசுக்குச் சொல்ல வேண்டிய பதிலை யோசித்து வைத்துவிடுவேன்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்து ஊரில் இந்தப் பெரிய வீட்டுக்கு இருபது வருடமாகக் காவல். வீட்டில் எந்தச் சுவரில் எந்த விரிசல் எதுவரை வந்திருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்தால் பின்பக்கச் சுவரில் ஈரம் இறங்கும். மாடித் தரையைத் தாங்கும் உத்தரக்கட்டை அந்தச் சுவருக்குள்தான் போகிறது. மூன்று வருடமாக ஒவ்வொரு மழைக்கும் முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பர்மாத் தேக்குய்யா அது. நீயும் நானும் போனப்பறமும் நிக்கும். போயி வெளக்கப் போடு" என்று சிரிப்பார். என் வீட்டுக்காரியும் விட மாட்டாள். "மழை பேஞ்சா ஒழுகுற எடத்துல குண்டான் வைப்பாக எல்லாரும். இவரு மானம் கறுத்தாலே வீடு பூரா குண்டான் வைக்கிற ஆளு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

டாக்டரம்மாவுக்குக் காரைக்குடியில் பல் ஆஸ்பத்திரி. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கண்மாய்க்கரைக்குக் காரில் வந்து இறங்குவார். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டும் காலம் அது. அவர் வைத்திருந்த லென்ஸ் என் முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கும். அதைத் தாங்கும் மூன்று கால் ஸ்டாண்டு கரைச் சேற்றில் பொதக்கென்று இறங்கிவிடும். காற்றும் சும்மா இராது. ஒரு தடவை என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். நுனிவிரலால் தொட்டதற்கே, உள்ளே தெரிந்த மரம் முழுக்கக் கிடுகிடுவென்று ஆடியது. பயந்து கையை எடுத்துவிட்டேன். "பாத்தீகளாண்ணே? இங்குட்டு மயிரளவு ஆடுனா அங்குட்டு பூகம்பம். பல்லப் புடுங்குறப்பக்கூட ஆளுக இம்புட்டு ஆட்டம் ஆடமாட்டாக" என்றார். என் வீட்டுக்காரிக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, நீட்டிய பணத்தை வாங்க மறுத்தவர் அவர். அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்து, "அங்கன இருந்து பாத்தா கூடு நேருக்கு நேரா தெரியுமேண்ணே, அரை மணி நேரம் போதும்" என்று கேட்டபோது எனக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த அறைக்குத் தரை பலகை. டாக்டரம்மா ஸ்டாண்டின் கால்களை அகட்டி வைத்து, காற்றில் படபடக்குமென்று கேமராவின் தோள்வாரைக் கழற்றிவிட்டு, கொத்தனார் ரசமட்டம் போல ஸ்டாண்டில் இருந்த நீர்க்குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தார். கையால் அமுக்கினாலும் ஆடும் என்று ஒரு ஒயரை மாட்டி அதிலிருந்த பொத்தானை அமுக்கினார். கேமராவின் முதுகில் இருந்த சின்னத் திரையில், கூட்டில் உட்கார்ந்திருந்த கரண்டிவாயன் வெள்ளை வெளேரென்று, நான் நின்ற இடத்துக்கே தெரிந்தது. ஆனால் அது நடுங்கியது.

"அண்ணே, ஆடாதீக."

"நான் ஆடலையே டாக்டரம்மா."

"அப்ப கீழ அக்கா எதையும் இடிக்கிறாகளா?"

நான் படியில் எட்டிப் பார்த்து, எதையும் இடிக்காதே என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். "பூண்டு தட்டுறதுகூடவா ஒங்க படத்துல விழுகுது!" என்று கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. வீடே மூச்சு விடாமல் இருந்தது. திரையில் பறவை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஸ்டாண்டில் கனமாக எதையாவது தொங்கவிட்டால் நின்றுவிடும் என்றார் டாக்டரம்மா. நான் போய் அம்மிக்குழவியைச் சாக்குப்பையில் போட்டுத் தூக்கி வந்தேன். ஸ்டாண்டின் நடுவில் இருந்த கொக்கியில் அதை மாட்டும்போது காலடியில் பலகை அமுங்குவது போல இருந்தது. எனக்கு எந்தத் தரையில் நின்றாலும் அப்படித்தான் இருக்கும், அதனால் சொல்லவில்லை. நடுக்கம் நின்றது. "ஒங்களுக்கு ஒரு பல்லு சும்மா கட்டித் தாரேண்ணே" என்று டாக்டரம்மா சந்தோஷமாகப் படம் எடுக்க ஆரம்பித்தார்.

நான் நிலைப்படிக்கே திரும்பி வந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில், நடுவில் இருந்த கரண்டிவாயன் கொஞ்சம் மேலே போயிருந்தது. டாக்டரம்மா திருகைத் தளர்த்தி லென்ஸை நிமிர்த்திப் பறவையை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தார். அது மறுபடி ஏறியது. "திருகு லூசு போல. சனியன், லென்ஸு மூக்கு எறங்கிக்கிட்டே இருக்கு" என்று முணுமுணுத்தார். நான் திரையை விட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பறவை கூட்டை விட்டு எழவே இல்லை. குஞ்சு அதன் தொண்டைக்குள் அலகை விட்டுத் தின்றுகொண்டிருந்தது. பறவை ஏறவில்லையென்றால் நாங்கள் இறங்குகிறோம்.

கத்தினால் அவர் பதறித் துள்ளுவார். பக்கத்தில் போனால் என் பாரமும் சேரும். கீழே, நேர் கீழே, சத்தம் போடக்கூடாது என்று நாங்கள் சொன்னதற்காக அடுப்படியில் அசையாமல் நிற்கிறாள் என் வீட்டுக்காரி. குரலை அடக்கிக்கொண்டு, "டாக்டரம்மா, அத அப்படியே விட்டுட்டுச் செவத்த ஒட்டி வாங்க" என்றேன்.

அவர் திரும்பாமலே சிரித்தார். "என்னண்ணே, பேயப் பாத்துட்டீகளா?"

"குமிழியப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். அவரே நடுவில் நிறுத்திய குமிழி ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் சிரிப்பு நின்றதை முதுகிலேயே பார்த்தேன். லென்ஸை எடுக்கக் கை போனது. "வேணாம்மா, அது கெடக்கட்டும், ஒங்களத் தொட்டுக் கும்பிட்டுக் கேக்குறேன்" என்று நான் அழுதே விட்டேன். கை பின்வாங்கியது. சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து அவர் என்னிடம் வந்து சேர்ந்தது வெறும் ஆறு காலடித் தூரம்தான். என் ஆயுசில் அதைவிட நீளமான தூரத்தை நான் பார்த்ததில்லை. படியில் விழுந்தடித்து ஓடி வீட்டுக்காரியின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தேன். "விடுங்க, சோறு கொழையுது" என்று திமிறினாள்.

மத்தியானம் ஆசாரி வந்து கீழேயிருந்து சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்த பிறகுதான் கேமராவை எடுக்க முடிந்தது. சுவருக்குள் போன உத்தர நுனியில் உளியை வைத்தார். பிடி வரை உள்ளே போய்விட்டது. ஈர அவல் மாதிரி உதிர்ந்தது தேக்கு. "இன்னொரு ஆளு நின்னிருந்தா அடுப்புலதான்யா விழுந்திருப்பீக" என்றார். அதைக் கேட்ட பிறகும், முதலாளிக்குப் போன் போடுவதற்குத்தான் எனக்கு அதிகம் நடுங்கியது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். "யாரக் கேட்டுத் தொறந்த?" என்றார். டாக்டரம்மா என் கையிலிருந்து போனை வாங்கி, "நான்தாங்கய்யா தொறக்கச் சொன்னேன். படம் அனுப்புறேன், வரிசையாப் பாருங்க, அப்பறம் அண்ணனத் திட்டுங்க" என்றார். கடைசியாக நடுவுக்குக் கொண்டுவந்த பிறகு எடுத்த பதினோரு படங்கள். முதலில் நடுவில் இருந்த பறவை படிப்படியாக ஏறி, கடைசிப் படத்தில் கூடு மட்டும் தெரியும். அந்த வாரமே முதலாளி நேரில் வந்தார். என்னைத் திட்டவில்லை. மழைக்கு மழை நான் சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

இப்போது அங்கே இரும்பு உத்தரம் போட்டுப் புதுப் பலகை அடித்தாகிவிட்டது. இன்ஜினியர் நின்று குதித்துக் காட்டினார். முதலாளியே டாக்டரம்மாவை வரச் சொல்லியிருந்தார். இந்தத் தை மாதம் ஒரு காலையில் ஸ்டாண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் படியடியில் வந்து நின்றார். "இன்ஜினியர் சொன்னது இருக்கட்டும். நீங்க சொன்னாத்தாண்ணே ஏறுவேன்" என்றார். என் பேச்சை நம்பி யாரும் எதற்கும் நின்றதில்லை. யாரும் நம்பாத வரைக்கும் என் பயம் என்னோடு போயிற்று. இனிமேல் நான் சரியென்று சொல்லி ஏதாவது ஆனால்?

"இருங்க, நான் மொதல்ல போறேன்" என்றேன். ஒரு செம்பில் விளிம்பு தட்டத் தண்ணீர் நிறைத்து எடுத்துக்கொண்டு ஏறினேன். அன்றைக்கு ஸ்டாண்டு நின்ற இடத்தில் அதை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் நடுங்கியது. என் உடம்பு நடுங்குகிறதா, தரையா என்று தெரியவில்லை. மூச்சை அடக்கினேன். மெல்ல மெல்ல வளையங்கள் அடங்கி, ஜன்னல் அதில் முழுசாகத் தெரிந்தது.

"அண்ணே, என்னாச்சு?"

"வாங்க டாக்டரம்மா" என்றேன். சொல்லிவிட்டு, அவர் ஒவ்வொரு படியாக ஏறி வரும் சத்தத்தைக் கேட்டபடி, செம்பிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.