சொல்லிக் கொடுத்த பதில்

அப்போது பள்ளி வேன் ஓட்டினேன். சாலாக் செலாத்தானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை. என் மகளும் அதில்தான் போவாள். பிரிக்பீல்ட்ஸ் பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் இருந்தது. புத்தி மெதுவாக வளரும் பிள்ளைகளுக்கானது. அவளைச் சேர்க்க ஆஸ்பத்திரி, கல்வி இலாகா என்று ஒரு வருஷம் அலைந்தேன். அதனால் மற்ற பெற்றோர் என்னிடம் வழி கேட்பார்கள். எந்தக் கவுண்டர், என்ன பாரம் நிரப்புவது என்று சொல்வேன். கூடவும் போவேன். நான் படித்தது ஆறாம் வகுப்பு. கவுண்டரில் நிற்க எனக்கே பயம்.

அதற்கு முன் மகள் சாதாரண வகுப்பில் இருந்தாள். நாற்பது பிள்ளைகள். ஒருநாள் இடைவேளையில் கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். யாரும் பார்க்கவில்லை. பெரிய சாலையின் நடுத் திட்டில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் லோரி. அந்த வழியாக வேனில் வந்த நான்தான் போய்த் தூக்கினேன். இன்றும் அந்த இடத்தைக் கடக்கும்போது ஸ்டியரிங் வியர்வையில் வழுக்கும்.

எங்கள் வீட்டு வரிசையில் ஒரு பெண் இருந்தாள். ஃபேக்டரி வேலை. புருஷன் லோரியில் வெளியூர் போகிறவன். அவர்களுடைய மகளுக்கு ஏழு வயது. என் மகளைப் போலத்தான். ஸ்பெஷல் கிளாஸில் ஒரே ஓர் இடம் காலி. டாக்டர் கடிதம் இருந்தால்தான் கிடைக்கும்.

"டாக்டரு என்னண்ணே கேப்பாங்க?" என்றாள்.

"கலர் கட்டை காட்டுவாங்க. வட்டம் போடச் சொல்லுவாங்க. பத்து வரைக்கும் எண்ணச் சொல்லுவாங்க. புள்ள பயப்படாம இருந்தா போதும்."

அவ்வளவுதான் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்துக் கூட்டிப் போனேன். சீன டாக்டரம்மா. வயதானவர். தாயும் பிள்ளையும் உள்ளே போனார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அரை மணி நேரத்தில் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"சாதா ஸ்கூலே போதுமாம் அண்ணே. எல்லாத்துக்கும் சரியா சொல்லிட்டா. எழுதியே குடுத்துட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"நீங்க சொன்னதேதான். நான் மூணு வாரமா தினமும் சொல்லிக் குடுத்தேன்ல. பரீட்சையில பெயிலானா எடம் குடுக்க மாட்டாங்கன்னு."

அந்தக் கடிதத்தோடு போனால் நாற்பது பேர் வகுப்புதான். சாலைதான்.

"அது பரீட்சை இல்லம்மா," என்றேன். "முடியலன்னு தெரிஞ்சாதான் அங்க எடம்."

அவள் முகம் மாறியது.

"உங்க புள்ள மாதிரியே எல்லாப் புள்ளையும் இருக்கணுமா அண்ணே?"

சுவர் ஓரத்தில் பச்சைக் குப்பைத்தொட்டி இருந்தது. பிள்ளையிடம் அதைக் காட்டி, "இது என்ன கலரு தாயி?" என்றேன்.

பிள்ளை கையைக் கட்டி நேராக நின்றது. "மேரா, கூனிங், பீரு, ஹிஜாவ்." மலாயில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. டாக்டரம்மா கட்டைகளை அந்த வரிசையிலேயே எடுத்திருக்க வேண்டும். தாயின் கைப்பையைக் காட்டினேன். அது கறுப்பு. மறுபடியும் மேராவில் தொடங்கி நாலையும் சொன்னது. சொல்லிவிட்டுத் தாயைப் பார்த்தது, சபாஷ் கிடைக்குமா என்று.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நீங்களே போய்ச் சொல்லுங்கண்ணே. என் வாயால வராது."

என் குற்றம். நான்தான் போக வேண்டும். டாக்டர் கதவை நானாக அதுவரை தட்டியதில்லை. போலீசைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். இனி நான் கூட்டி வரும் பிள்ளை எதையும் பார்க்க மாட்டார் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அந்தச் சந்தைப் பேச்சில், கேள்விகளை நான்தான் சொன்னேன், தாய் சொல்லிக் கொடுத்துவிட்டாள், தப்பு என்னுடையது என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாரும் புள்ள கெட்டிக்காரின்னு எழுதச் சொல்லி வருவாங்க. நீ இப்படி வர்ற," என்றார் மலாயில். சிரித்தாரா, திட்டினாரா, தெரியவில்லை. பிறகு, "அடுத்த வாரம் கூட்டிட்டு வா. ஒன்னும் சொல்லிக் குடுக்காதீங்க," என்றார்.

அந்த வாரம் அவள் என்னோடு பேசவில்லை. பிள்ளை தானாகவே கையைக் கட்டி நின்று ஒப்பித்துக்கொண்டே இருந்ததாம். நிறுத்தத் தெரியவில்லையாம். என் வீட்டுக்காரிதான் வந்து சொன்னாள்.

இரண்டாம் முறை இரண்டு மணி நேரம் ஆனது. வெளியே வந்தபோது அவள் கையில் வேறு கடிதம் இருந்தது. நேராகக் கல்வி இலாகாவுக்குப் போனோம். இடம் இன்னும் இருந்தது. கவுண்டரில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி பாரத்தைத் தள்ளி, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினார்.

அவள் பேனாவை எடுத்தாள்.

"இதுல போட்டுட்டா, பின்னால சாதா கிளாசுக்கு மாத்த முடியுமா அண்ணே? வளந்து பெருசானதும்?"

"தெரியலம்மா."

உண்மையிலேயே தெரியாது. என் மகளுக்குப் போட்டபோது நான் அதைக் கேட்கவே இல்லை.

பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். கிராணி மறுபடியும் விரலால் தட்டினார். அவள் பிள்ளையின் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் போட்டாள். எழுத்து கோணலாக விழுந்தது. கிராணி முத்திரை குத்தி, "ஜனவரியில ஸ்கூல் தொறக்கும்போது வாங்க," என்றார்.