ஆயிரத்து இருநூறு கேட்டவன்

லேத் மெஷினில் இரும்பு கடைகிறவனுக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் அந்தப் பொருள் குப்பைக்குத்தான். ஆனால் அவனுக்குச் சம்பளம் பேசுகிற அறையில் மட்டும் எல்லாமே குத்துமதிப்பு. அந்த அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து எச்சில் விழுங்கியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1991-ல் நான் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். வாடகை கொடுக்க வழியில்லாமல் மனைவி கஸ்தூரியையும் ஐந்து மாதக் குழந்தையையும் மதுராந்தகத்தில் அவள் தாய்வீட்டில் விட்டேன். மாதம் ஆயிரத்து இருநூறு வந்தால் தனியாக வீடு பிடித்து மூன்று பேரும் சேர்ந்து இருக்கலாம் என்று கணக்குப் போட்டவள் அவள்தான். அந்த ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டு, சர்டிபிகேட் பையோடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன்.

பெருமை பேசியது

பென்னலூர் அருகே பம்பு செய்கிற கம்பெனி. சோதனைக்கு ஒரு இரும்புத் தண்டைக் கடையச் சொன்னார்கள். அளந்து பார்த்த சூப்பர்வைசரே தலையாட்டினார். அந்தத் தெம்பில் மேனேஜர் அறைக்குள் போனேன். அவர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், சொந்த நிலம் உண்டா என்று ஆரம்பித்தார். எங்கள் ஊரில் நிலம் உண்டென்றால் நாலு பேர் மதிப்பார்கள். அந்தப் புத்தியில், "ஒன்றரை ஏக்கர் இருக்கு சார், நெல்லு போடறோம்" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். அந்த நெல் அப்பா, அம்மா, இரண்டு தம்பிகள் சாப்பிடவே பத்தாது என்பதைச் சொல்லவில்லை. பெருமை வாயைக் கட்டிவிட்டது.

நான் தொகையைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் கேட்டார்: "சோறுதான் வூட்லயே கீதேப்பா, அப்புறம் இன்னாத்துக்கு ஆயிரத்து இருநூறு?"

பென்சில்

அடுத்த கம்பெனியில் படிவம் கொடுத்தார்கள். பெயர், படிப்பு, அனுபவம் எல்லாம் பேனாவில் எழுத வேண்டும். 'எதிர்பார்க்கும் சம்பளம்' என்ற கட்டத்துக்கு மட்டும் மேனேஜர் தன் மேஜையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து நீட்டினார். எழுதினேன். அவர் என் கண் முன்னாலேயே ரப்பரால் அழித்து, தூசியை ஊதிவிட்டு, 850 என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். கையெழுத்துக்கு மறுபடியும் பேனா வந்தது. நான் எழுதியதை ஏன் அழித்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ எழுதனது உன் ஆசை தம்பி, நான் எழுதனதுதான் சம்பளம்."

இரண்டு பேர், ஒரு நாற்காலி

இதை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது. சுங்குவார்சத்திரம் போகிற வழியில் ஒரு கம்பெனி. ஒரே ஒரு இடம்தான் காலி. என்னையும் ஆரோக்கியராஜ் என்பவரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார்கள். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். இருந்த ஒரு நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. மேனேஜர் தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு, சாப்பிட்டபடியே பேசினார். நான் ஆயிரத்து இருநூறு என்றேன். அவர் ஆரோக்கியராஜைப் பார்த்தார். "ஆயிரம் சார்." என்னைப் பார்த்தார். என் வாயிலிருந்து "தொள்ளாயிரத்து ஐம்பது" என்று வந்தது. அந்தப் பணத்தில் வீடு பிடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கிறவனுக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான் அப்போது புத்தியில் இருந்தது. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஆரோக்கியராஜ் தொள்ளாயிரம் என்றார். நான் நிறுத்திக்கொண்டேன். மேனேஜர் கை கழுவப் போனார்.

வெளியே ஆரோக்கியராஜே டீ வாங்கிக் கொடுத்தார். அவர் முகத்தில் வேலை கிடைத்த களையே இல்லை. "நான் ஆயிரத்து நூறு கேக்கணும்னு வந்தேங்க. நீங்களும் நானும் வெளியவே ஒரு வார்த்தை பேசிக்கினு உள்ள போயிருக்கலாம்."

வார்த்தை போதும்

கடைசியில் ஒரகடம் பக்கம் ஒரு மேனேஜர், நான் சொல்லி முடிக்கும் முன்பே "ஆயிரத்து இருநூறுதானே, தந்துட்டாப் போச்சு" என்றார். வேலை ஆர்டர் எப்போது கைக்கு வரும் என்றேன். வார்த்தை போதாதா என்று தோளைத் தட்டினார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அந்த வாரமே சிங்கப்பெருமாள் கோவிலில் வீடு பார்த்து, கஸ்தூரியின் வளையலை அடகு வைத்து அட்வான்ஸ் கொடுத்து, இரண்டு பேரையும் அழைத்து வந்துவிட்டேன்.

வேலையில் சேர்ந்த அன்று காகிதம் வந்தது. முதல் ஆறு மாதம் பயிற்சிக் காலம், சம்பளம் தொள்ளாயிரம். ஏழு வருஷம் லேத் ஓட்டியவனுக்குப் பயிற்சி! மேனேஜரைத் தேடினேன், வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். அவருடைய ஸ்கூட்டர் வாசலில்தான் நின்றது. கையெழுத்துப் போட்டேன். குடும்பத்தை அழைத்து வந்த பிறகு வேறென்ன செய்வது?

சாயங்காலம் கஸ்தூரியிடம் காகிதத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். வேண்டுமானால் மதுராந்தகத்துக்கே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"நான் போவ மாட்டேன். அங்க அண்ணி அரிசிய அளந்து போட்டுட்டு ஒவ்வொரு தபாவும் என் மூஞ்சியப் பாக்கறாங்க. இங்க பட்டினி கெடந்தாலும் அத யாரும் பாக்கப் போறதில்ல."

ஆறு மாதம் பதினாலு மாதமாகி ஒருவழியாக ஆயிரத்து இருநூறு கையில் வந்த அன்று, மேனேஜர் என் கையைக் குலுக்கி, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்டார்.