பத்து மணிக்குக் கரை

லீவில் வருகிறவர்கள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போக ஒழுங்கு செய்து கொடுப்பதுதான் என் தொழில்; அதில் அவர்கள் போடுவது காசு, நான் போடுவது பயம்.

வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விட்டுவிட்டு, போன் அடிக்கிற போதெல்லாம் நெஞ்சில் கை வைத்துக்கொள்கிற சகோதரிகளே, உங்களுக்கு நான் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீடு கற்பிட்டிப் பக்கம் கண்டக்குழியில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது. இரண்டு அறை, தென்னங்கிடுகு வேய்ந்த ஒரு சாப்பாட்டுக் கொட்டில், அவ்வளவுதான். பெரிய ஹோட்டலுக்குப் போய்க் கட்டுப்படியாகாதவர்கள் எங்களிடம் வருவார்கள். டொல்பின் பார்க்க என் கணவர் சேவியர் படகில் கொண்டுபோவார். சமையல் நானும் பக்கத்து வீட்டு பரீனா ராத்தாவும். முஸ்லிம் குடும்பம் வந்தால் ராத்தா தன் வீட்டுச் சட்டி பானையோடு வந்து அடுப்பைப் பொறுப்பெடுத்துவிடுவா; அன்றைக்கு நான் வெங்காயம் உரிக்கிற ஆள். போன், கணக்கு, சிரித்த முகம் மூன்றும் எப்போதும் என்னுடையவை.

ஏன் தொடங்கினேன் என்றால், சேவியர் முந்திப் பலநாள் மீன்பிடிப் படகில் ஆழ்கடலுக்குப் போனவர். போனால் கிழமைக்கணக்கில் ஒரு செய்தியும் வராது. மகள் பிறந்தபோதும் மனுசன் கடலில்தான். இனிப் போகக்கூடாது என்று அழுது மறித்து வைத்திருக்கிறேன். படகு முதலாளியோ விடுவதாக இல்லை, ஆள் தேவைப்படுகிற போதெல்லாம் போன் எடுப்பார். "அறை சும்மா கிடந்தா நான் போகத்தானே வேணும்" என்று சேவியரும் சொல்லிவிட்டார். ஆகவே வருகிறவர்கள் முகம் சுளிக்காமல் போகவேண்டும், போய் நாலு பேருக்குச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் என் மனுசன் மறுபடி ஆழ்கடலில். ஒவ்வொரு போனையும் நான் இந்தப் பயத்தோடுதான் எடுக்கிறேன்.

மாடி இருக்கா?

மாத்தளையில் இருந்து ஒரு டீச்சர் போன் எடுத்தா. வாடகை கேட்டா, குறைத்தேன். இறால் கறி கேட்டா, ஓம் என்றேன். "கடல் எவ்வளவு தூரம்?" என்றா. இது நான் சந்தோஷமாகப் பதில் சொல்கிற கேள்வி. "கதவைத் திறந்தா கடல்தான் டீச்சர்" என்றேன். பிறகு மெதுவாக, "அது கிட்ட வந்தா?" என்றா.

"வராது டீச்சர்" என்றேன். "சுனாமி அன்னைக்கும் வராதுன்னுதானே எல்லாரும் இருந்தாங்க" என்றா. யன்னலால் எட்டிப் பார்த்தேன். கடல் தன் இடத்தில்தான் கிடந்தது. மேல்மாடி இருக்கா என்றா, இல்லை. பக்கத்தில் மேடு இருக்கா என்றா, எங்கள் ஊரே கை விரித்த மாதிரித் தட்டை மணல், எங்கே போவேன்? தென்னை மரம் இருக்கிறது என்றேன். இந்தப் பயணமும் போச்சு, சேவியர் உடுப்புப் பையைக் கட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்க, டீச்சர் யோசித்துவிட்டுச் சொன்னா: "சரி, ரூமை வச்சிருங்க, அப்படியே மரம் ஏறத் தெரிஞ்ச ஒருத்தரையும் சொல்லி வச்சிருங்க."

கண்டியில் இருந்து வந்த கருவாடு

கண்டியில் இருந்து வந்த குடும்பம் அது. சாப்பாட்டுச் செலவை மிச்சம் பிடிக்க அரிசி, தேங்காய், காஸ் அடுப்பு எல்லாம் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கடற்கரையில் மீன் விலை கூட என்று யாரோ சொன்னார்களாம், கருவாடும் கொண்டுவந்திருந்தார்கள். வாசலில் படகு படகாக மீன் இறங்குகிற ஊருக்குக் கண்டியில் இருந்து கருவாடு! சமைக்கிறதென்றால் வெளியே வெட்டையில் வைத்துச் சமையுங்கள் என்று சொல்லிவிட்டு நான் துணி காயப்போடப் போனேன்.

வெட்டையில் வெயில் என்று அடுப்பைக் கிடுகுக் கொட்டிலுக்குள் தூக்கி வைத்திருக்கிறார்கள். சுள்ளென்று ஒரு மணம். ஓடிப்போய்ப் பார்த்தால் எண்ணெய்ச் சட்டி பற்றி எரிகிறது, நெருப்பு கூரையை எட்டி எட்டிப் பார்க்கிறது. நான் தண்ணீர் வாளியைத் தூக்கினேன். "ஊத்தாதடி! எண்ணெய்!" என்று கத்திக்கொண்டு வந்த பரீனா ராத்தா, இரண்டு கையாலும் மணலை அள்ளிச் சட்டிக்குள் கொட்டினா. நெருப்பு நின்றது, என் பயம் நிற்கவில்லை. கொட்டில் போனால் தொழில் போகும், தொழில் போனால் சேவியர் போவார். குடும்பத் தலைவர் மட்டும் ஆறுதலாக வந்து, மணலுக்குள் இருந்து கருவாட்டுத் துண்டுகளைப் பொறுக்கித் தட்டியபடி சொன்னார்: "பயப்படாதீங்க தங்கச்சி, எங்கட வீட்டிலயும் இப்படித்தான், இதுவரைக்கும் ரெண்டு தரம்தான் பத்தினது."

ஓசி யானை

வில்பத்துக் காட்டுக்குள் போக ஜீப் பிடிக்கவேண்டும், டிக்கட் எடுக்கவேண்டும். மட்டக்களப்பில் இருந்து மாமியாரோடு வந்த மருமகனுக்கு அந்தச் செலவு பிடிக்கவில்லை. "வண்ணாத்திவில்லு ரோட்டிலயே யானை நிக்குமாமே" என்றார். வழி காட்ட நானும் மகளை மடியில் வைத்துக்கொண்டு வானில் ஏறினேன். வெயில் சரிகிற நேரம். உண்மையாகவே நின்றது. ரோட்டின் நடுவில், எங்களைத்தான் பார்த்துக்கொண்டு.

சாரதி எஞ்சினை நிற்பாட்டினார். யானை ஒரு அடி வைத்தது. காதை விரித்தது. இன்னொரு அடி. மகள் வாழைப்பழம் கொடுக்கவேண்டும் என்று எழும்ப, நான் அவள் வாயைப் பொத்தி, கண்ணை மூடி, தலவிலைத் தேவாலயச் சந்தானம்மாளுக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன். மருமகன் இருக்கைக்குக் கீழே போய்விட்டார். பின்னால் இருந்த அவருடைய மாமியார் மட்டும் யன்னலைத் திறந்து, போனை வெளியே நீட்டிக்கொண்டு என்னிடம் சொன்னா: "அவசரப்படாதீங்க மகள், இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டும், இந்தப் போனுக்குத் தூரத்தில நிக்கிறது விழாது."

நேரம் கேட்டவர்

கிளிநொச்சியில் இருந்து, அலுவலக வேலை பார்க்கிற ஒரு கந்தோர்க்காரர் பங்குனிக் கடைசியில் வருவதாகச் சொன்னார். நல்ல மனுசர், ஆனால் எல்லாம் நேரத்தோடு வேண்டும். கோட்டை எத்தனை மணிக்கு, கோயில் எத்தனை மணிக்கு, பகல் சாப்பாடு எத்தனை மணிக்கு. "போட் எத்தனை மணிக்கு கரைக்கு வரும்?" என்றார்.

எங்கள் கரையில் ஒரு பெண்சாதியும் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டாள், பதிலும் சொல்லமாட்டாள். கடலுக்கு இறங்குகிறவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்பதில்லை, எப்போது வருவீர்கள் என்று கேட்பதில்லை, கேட்பது கூடாத சகுனம். சோற்றை மூடி வைப்போம், அவ்வளவுதான். நான் மழுப்பிப் பார்த்தேன், அவர் விடவில்லை. அந்த மாதம் அறை இரண்டும் வெறுமையாகக் கிடந்தது. படகு முதலாளி போன் எடுத்து, சேவியரும் "யோசிச்சுச் சொல்றன்" என்றிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு "பத்து மணிக்குக் கரை" என்று எழுதி அனுப்பிவிட்டேன். பின்னால் நின்று வாசித்த சேவியர் சொன்னார்: "நேரத்தை என்னட்டக் கேக்காம நீயே போட்டுட்டியா, அப்ப கடலுக்கும் ஒரு கொப்பி அனுப்பிவிடு."

காற்று

அவர்கள் வந்து மறுநாள் விடியப் படகு போனது. கந்தோர்க்காரரும் இரண்டு பெண்பிள்ளைகளும், சேவியரும். கந்தோர்க்காரரின் மனைவி ஏறவில்லை. "சண்டைக்குள்ள ஒருக்கா கடலால வந்தனாங்கள், எனக்கு அது காணும்" என்று சொல்லிவிட்டு என்னோடு குசினியில் இருந்து தேங்காய் துருவினா. நல்லாகக் கதைத்தா, சிரித்தா. பத்து மணிக்கு எழும்பி முற்றத்துக்குப் போனா. திரும்பி வந்து, "பிள்ளை, பத்தாச்சு" என்றா.

"வந்திருவாங்க அக்கா" என்றேன். அப்போதுதான் காற்று மாறியது. முற்றத்து மணல் எழும்பி முகத்தில் அடித்தது. சேவியருக்குப் போன் எடுத்தேன், விழவில்லை. அக்கா இரண்டு மூன்று தரம் உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருந்தா. பிறகு துருவலை அப்படியே வைத்துவிட்டு, "பத்து மணி எண்டு நீங்கள்தானே போட்டனீங்கள்? தெரியாமலோ போட்டனீங்கள்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டா. பயணக்காரர்களுக்கு முன்னால் அழக்கூடாது என்பது என் தொழிலின் முதல் சட்டம். "டொல்பின் நிறையக் கண்டிருப்பாங்க, அதுதான் சுணக்கம்" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது, அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா.

கரைக்குப் போனோம். அலை வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. மற்றப் படகெல்லாம் மணலில் ஏறிவிட்டது. வலை பார்த்துக்கொண்டிருந்த பெண்களிடம் அக்கா சத்தமாக, "இவையள் எப்ப வருவினம்?" என்று கேட்டா. எல்லாத் தலையும் குனிந்தது. அந்தக் குனிந்த தலைகளைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. ஆழ்கடலில் இருந்து மனுசனை மறித்து, என் கண்ணுக்கு முன்னால் இருக்கிற கடலுக்கு நானே அனுப்பியிருக்கிறேன். அதுவும் நேரம் போட்டு. அக்கா ஒரு பக்கம் தேவாரம், நான் ஒரு பக்கம் செபமாலை. இரண்டு பேரும் கண் வெட்டாமல் கடலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

எங்களுக்குப் பின்னால் ரோட்டில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. திரும்பிப் பார்க்கவும் மனமில்லை. பிறகுதான் தெரிந்தது, காற்று எழும்பியதும் இந்தக் கரையில் ஏற்றமுடியாது என்று கண்டு, சேவியர் முனையைச் சுற்றி, அலை இல்லாத களப்புப் பக்கம் போய், கற்பிட்டி இறங்குதுறையில் படகைக் கட்டிவிட்டு எல்லாரையும் ஓட்டோவில் ஏற்றி வந்திருக்கிறார். போன் நனைந்து செத்துவிட்டது. பிள்ளைகள் கையில் ஐஸ் பழம் வேறு. எங்கள் முதுகுக்குப் பின்னால் கந்தோர்க்காரரின் குரல் கேட்டது: "என்ன, ரெண்டு பேரும் இப்பிடிப் பாத்துக்கொண்டு நிக்கிறியள், இங்கயும் டொல்பின் தெரியுதோ?"

முதலாளியின் போன்

அக்கா அன்று பகல் முழுக்கப் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தா. பின்னேரம் பை கட்டினார்கள். நான் வாசலில் நின்றேன். இனி கிளிநொச்சிப் பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள். இவர்கள் சொல்லப்போவதைக் கேட்டு அடுத்த ஊர்க்காரரும் வரமாட்டார்கள். சேவியரின் உடுப்புப் பை எந்த ஆணியில் தொங்குகிறது என்றுகூட மனம் தேடத் தொடங்கிவிட்டது.

கந்தோர்க்காரர் காசைக் கையில் வைத்துவிட்டு, "காத்துக்குள்ள பிள்ளையளைப் பத்திரமாச் சுத்திக் கொண்டுவந்த மனுசன், இவரை நம்பி ஆரையும் அனுப்பலாம், சித்திரை லீவுக்கு எங்கட கந்தோர் முழுக்க வரும், ஒரு பஸ்" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அவ வானில் ஏறப்போனவ திரும்பி வந்து, என் காதுக்குள், "நானும் வருவன் பிள்ளை, நீங்கள் தனிய நிக்கவேண்டாம்" என்றா.

வான் போய்ப் புழுதி அடங்கமுதல் என் போன் அடித்தது. படகு முதலாளி. சேவியரின் போன் வேலை செய்யவில்லை என்று என் நம்பருக்கு எடுத்திருந்தார். போனைச் சேவியரிடம் நீட்டினேன். சேவியர் கேட்டார், தலையைச் சொறிந்தார், என்னைப் பார்த்தார், பிறகு சொன்னார்: "இல்ல முதலாளி, இனி வேற ஆளைப் பாருங்க, எங்கட வீட்டுக்கு பஸ் ஒண்டு வருது."

அவர் ஆழ்கடலுக்குப் போயிருந்தால் ஒரே ஒரு ஆளுக்காகத்தான் பயந்துகொண்டிருந்திருப்பேன்; இப்போது ஒரு பஸ் சனத்துக்காகப் பயப்படுகிறேன், அதுவும் சிரித்த முகத்தோடு.