எம்.எல்.ஏ. சார் எழுதிய கடிதங்கள்

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பீங்கான் ப்யூஸ் கட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது, முதலாளிக்கு அரசியல் ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. சூளையில் கோளாறு என்றால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவரே இறங்குவார். பேட்டையில் கரண்ட் நின்றால் மற்றவர்கள் போன் போடுவார்கள். இவர் மின்வாரிய அலுவலகத்துக்கே போய், ஆள் கிளம்பும்வரை நகரமாட்டார். அவரிடம் போனால் காரியம் நடக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுதான் அவரைத் தேர்தலில் கொண்டுபோய் நிறுத்தியது.

பக்கத்துத் தொகுதியில், அவருடைய சொந்த ஊர்ப் பக்கம், நின்று ஜெயித்தார். ஆனால் அவர் கட்சி எதிர்வரிசையில் உட்கார்ந்தது. கம்பெனியை மச்சானிடம் ஒப்படைத்தார். கம்பெனி முன்னறையில் நாலு நாற்காலி போட்டு மனு வாங்க ஆரம்பித்தார். நான் ப்யூஸ் கட்டைக்கு இன்வாய்ஸ் அடிப்பதை விட்டுவிட்டுப் பரிந்துரைக் கடிதம் அடிக்கலானேன்.

மச்சான் வந்ததும் செய்த முதல் வேலை, இரண்டு சூளையில் ஒன்றை நிறுத்தியது. அந்தச் சூளையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்து ஆள். தீயின் நிறத்தைப் பார்த்தே எப்போது அணைக்கலாம் என்று சொல்லிவிடுவார். வேலை போனதும் வளைகுடா நாட்டுக்குப் போக ஏற்பாடு செய்தார். பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணை இழுத்துக்கொண்டே போனது. சார் ஒரு போன் போட்டார், மறுநாளே முடிந்தது. சொல்லிக்கொள்ள வந்தபோது சார் தன் விசிட்டிங் கார்டை அவர் சட்டைப்பையில் வைத்து, அங்கே ஏதாவது என்றால் கூப்பிடச் சொன்னார்.

போனவர் ஒன்றரை வருஷம் வாராவாரம் வீட்டுக்குப் பேசினார். ஒரு பொங்கலன்று பேசியதோடு சரி. அதன்பிறகு அவருடைய போன் அணைந்தே கிடந்தது.

மாசி முடியும்போது அவர் மனைவி முன்னறைக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். பஸ் நெரிசலில் கசங்கிய புடவையைச் சரிசெய்தபடியே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். சார் கேட்டுவிட்டு, "ரெண்டு வாரத்துல தகவல் வந்துடும்மா, தைரியமா போ" என்றார். வழக்கமாக மின்வாரியத்தில் போய்ப் பேசுவாரே, அந்தக் குரலில்தான் சொன்னார்.

நான் கடிதம் அடித்தேன். மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று, வெளிநாட்டுத் தமிழர்களைக் கவனிக்கும் சென்னை அலுவலகத்துக்கு ஒன்று, தூதரகத்துக்கு ஒன்று. பதில்களும் வந்தன. மனு மேல்நடவடிக்கைக்காக இன்ன அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று ஒவ்வொன்றிலும் இருந்தது. அந்த இன்ன அலுவலகத்துக்கு எழுதினால், அது முதல் அலுவலகத்துக்கே அனுப்பியிருந்தது. அவரை வேலைக்கு எடுத்த கம்பெனி, ஆள் எப்போதோ சொல்லாமல் விலகிவிட்டதாக ஒற்றை வரியில் முடித்துக்கொண்டது.

சென்னைக்குப் போகும்போதெல்லாம் சார் அந்த அலுவலகத்துக்குப் போவார். எம்.எல்.ஏ. என்று மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுப்பார்களாம். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "ஒரு பய இல்லன்னு சொல்லமாட்றாம்மா. இல்லன்னு சொன்னா சண்ட போடலாம்."

அவள் ஒரு வாரமும் தவறவில்லை. அவள் வரும் நேரத்துக்குச் சார் வெளியே கிளம்பிவிடுவதை நான் கவனித்தேன். பதில் சொல்லும் வேலை என்னுடையதாயிற்று. பதில் என்று என்னிடம் என்ன இருந்தது? கடிதத்தின் நகலைக் கையில் கொடுப்பேன். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "போயிட்டு வரேங்க்கா" என்பாள்.

ஜூன் மாதம் சட்டமன்றத்தில் சாருக்குப் பேச நேரம் கிடைத்தது. தொகுதிக்காகக் கேட்கவேண்டியவை ஒரு பக்கம் நிறைய இருந்தன. பஸ் நிலையம், ஏரி, துணை மின்நிலையம். கடைசியில் காணாமல்போனவரின் பெயரையும் ஊரையும் சேர்த்து அடிக்கச் சொன்னார். நேரம் போதாது என்று முதலில் அதையே வாசித்திருக்கிறார். ஏரிக்கு வரும்போது மணி அடித்துவிட்டதாம். அமைச்சர் ஆவன செய்வதாகச் சொன்னார்.

அந்த வாரம் அவள் வந்தபோது சார் வெளியே போகவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். "அவர் பேர முழுசா சொன்னீங்களா மொதலாளி?" சொன்னேன் என்றார். அன்றைக்கு அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து நானும் ஏதோ நடந்துவிடும் என்று நம்பினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருஷத் தேர்தலில் சார் தோற்றார். முன்னறை காலியாயிற்று. அவள் மட்டும் வந்தாள். தான் எழுதினால் இனிமேல் யாரும் மதிக்கமாட்டார்கள் என்று சார் அவளிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை.

"எம்.எல்.ஏ.வா இல்லாட்டி என்னங்க, நீங்க எழுதுங்க. ஒங்கள வுட்டா எனக்கு யாரு இருக்காங்க?"

அரசு முத்திரை இல்லாத வெள்ளைத்தாளில் அன்றும் ஒரு கடிதம் அடித்தேன்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து போன் வந்தது. பேசியவர் பிலிப்பைன்ஸ்காரர். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் தட்டுத் தடுமாறித்தான் சந்தித்துக்கொண்டன. அவரும் நம் சூளைக்காரரும் ஒரே அறையில் இருந்தவர்களாம். பொங்கல் முடிந்ததும், சம்பளம் கூட என்று போன் சிக்னல் கிடைக்காத வேறு இடத்துக்கு மாறிப்போய், வெயிலில் கட்டடச் சாரத்தின்மேல் வேலை செய்கையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம் நம் ஆள். அங்கேயே புதைத்துவிட்டார்கள். தன்னையும் வேறு முகாமுக்கு மாற்றியதில் இவருடைய பெட்டி கைக்கு வர இத்தனை நாளாயிற்று, அதில் சாரின் கார்டு இருந்தது என்றார். இறப்புச் சான்றின் நகல் என்று ஒரு காகிதத்தைப் படம் பிடித்து என் செல்போனுக்கு அனுப்பினார். எல்லாம் அரபி.

சார் அவளை வரச்சொல்லி, இறந்த செய்தியைத் தானே சொன்னார். அவள் அழவில்லை, காகிதத்தைப் படிக்கச் சொன்னாள். மூவரும் ஆட்டோவில் கடைவீதிப் பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போனோம். அங்கே தொழுகை நடத்தும் ஹஜ்ரத் செல்போனைக் கண்ணுக்கருகில் வைத்து மெதுவாக வாசித்தார். பெயர், வயது, இயற்கை மரணம். பிறகு தேதி.

பொங்கல் கழிந்து மூன்றாவது வாரம். அவள் முதல்முறை முன்னறைக்கு வந்தபோதே அவர் இல்லை. சட்டமன்றத்தில் சார் வாசித்தது, செத்து நாலு மாதமானவரின் பேரை.

"அப்ப நாம எழுதுனது எல்லாம்…" என்று ஆரம்பித்தாள். சார் பள்ளிவாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். ஹஜ்ரத் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து முதலில் அவளுக்குக் கொடுத்தார்.

விதவை உதவித்தொகைக்கு மனு போட்டோம். அந்தக் காகிதம் செல்லாதாம். அசலுக்குத் தூதரகத்தின் சான்று வேண்டும், அசல் யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. அந்தப் பிலிப்பைன்ஸ்காரரின் எண் இப்போது அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பதில்லை. நெற்றியில் பொட்டு வைப்பதை அவள் நிறுத்திவிட்டாள். அரசாங்கப் பதிவில் அவள் இன்னும் சுமங்கலி.

போன வாரம் தாலுகா ஆபீசுக்கு நாங்கள் மூவரும் போனோம். ஒரு காலத்தில் சார் வந்தால் உள்ளே இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். புதிதாக வந்திருந்த எழுத்தர், "பெரியவரே, வரிசையில வாங்க" என்றார். சார் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார்.